கிழத்தனம் தலையெழுத்தா?

தாமிரபரணியில் முழுகினால் பாவம் தொலையும் என்று சொல்லித்தான் பாபநாசத்திற்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே விக்கிரமசிங்கபுரத்தில், ஆலையில் முப்பது நாற்பது வருஷம் உழைத்துவிட்டு, முழங்கால் வலியோடும் இரைப்போடும் கண் புரையோடும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பலர். ஆற்று முழுக்கால் துன்பம் தீருவதானால், பிறந்தது முதல் அதே தண்ணீரில் குளித்தவர்களுக்கு இவை வந்தே இருக்கக் கூடாதல்லவா? ஆனால் அவர்களைக் கேட்டால், "எல்லாம் முன் ஜென்ம வினை, போகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்" என்றுதான் பதில் வருகிறது. இந்தப் பதிலைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் மார்பு கெடும் என்பது வைத்தியர்கள் கண்டறிந்த விஷயம். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது. சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் காரணமும் உண்டு, மருந்தும் உண்டு. இதில் முன் ஜென்மம் எங்கே வந்து நுழைந்தது? வினை என்று சொல்லிவிட்டால், தூசியைப் பற்றி முதலாளியை யாரும் கேட்க வேண்டியதில்லை. அப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மகன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் சௌகரியந்தான், நஷ்டம் கிழவருக்கு மாத்திரம்.

நிற்க. வயதானால் வானப்பிரஸ்தம் போ, பிறகு சந்நியாசம் கொள் என்கிறது சாஸ்திரம். அதாவது, கிழவனால் உலகத்திற்கு உபயோகமில்லை என்பதே அதன் கருத்து. பாட்டிமார்களுக்கோ அந்த ஓய்வும் கிடையாது. விழுகிற நாள் வரை அடுப்பும் பேரப்பிள்ளையும் அவர்கள் தலையில்தான். ஆணுக்கு வேலையில்லாத முதுமை, பெண்ணுக்கு ஓய்வில்லாத முதுமை என்பதுதான் நம் வீடுகளின் யோக்கியதை.

"உடம்பு இடம் கொடுக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூச்சு வாங்குகிறவரை மலை ஏறச் சொல்ல நாம் முட்டாள்களல்ல. ஆனால் நம் சீமையிலேயே நடந்த ஒன்றைக் கவனியுங்கள். அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அவர் முதலில் விரும்பியது பிரசவ வைத்தியம். முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் வந்து, படுத்த படுக்கையாகி, விரல்கள் கோணிப்போயின. பிரசவ வைத்தியம் முடியாமற்போகவே, கண் வைத்தியத்திற்கு மாறி, அந்தக் கோணல் விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். 1976-ல், சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அதன் கிளை 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது. அவர் கையாலேயே ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கண் ஆப்பரேஷன்கள் நடந்தன. 2006-ல் இறந்தார். அவர் அரவிந்தர் பக்தர். ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அது நமக்கு ஒப்பாத விஷயம். ஆனால் புரையை எடுத்தது பக்தியா, கத்தியா என்று மட்டும் கேட்கிறோம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, உடம்பு மறுத்தால் வேலையை மாற்றலாம், விட்டுவிட வேண்டியதில்லை என்பதே. கால் போனவருக்கு வாய் இருக்கிறது. எழுத்தறியாத அண்டை வீட்டாருக்குப் பத்திரிகை படித்துக் காட்டலாம், மனு எழுதிக் கொடுக்கலாம். கண் மங்கியவருக்கு அனுபவம் இருக்கிறது. ஆலையில் சங்கம் எப்படி நடந்தது என்று வாலிபர்களுக்குச் சொல்லலாம். 65 வயது தாண்டியவர்களும் வாரத்திற்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், முடியாதவர்கள் முடிந்த அளவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. வாய்க்கால் கரையில் காலையில் நடப்பதற்கு ஐயர் நாள் பார்த்துச் சொல்ல வேண்டுமா? 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிற்கே கொண்டுவர ஏற்பட்டது. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிகாரத்திற்கும் அபிஷேகத்திற்கும் செலவழிக்கும் பணத்தில் அப்பனுக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும், ஆத்தாளுக்கு ஒரு ஊன்றுகோலும், குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வாங்கலாம். செத்தபின் பிண்டம் வைத்து அழைப்பதைவிட, இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து யோசனை கேட்பது மேல். அவர்களைக் 'கிழடு' என்று ஒதுக்குகிறவர்களும் ஒரு நாள் அதே திண்ணைக்குத்தான் வரப்போகிறார்கள்.