தருமம் அன்று, உரிமை!

பனையிலிருந்து வீழ்ந்து முள்ளந்தண்டு முறிந்தோரும், 2009 இல் முடிவுற்ற போரிலே எறிகணையால் ஊனமுற்றோரும் நம்மிடையே வாழ்கின்றனர். சக்கர நாற்காலி வழங்கிப் படமெடுத்துக்கொள்வோர் பலர். அவர்தம் சலப்பையைப் பற்றிப் பேசுவோர் எவர்? வெட்கமாம்!

வடிகால் அடைபட்ட வயல் அழுகும் என்பதைக் கமக்காரர் அறிவர். முண்ணாண் ஊறுபட்டோரின் சலப்பையும் அத்தகையதே. தேங்கும் சிறுநீரிலே கிருமி பெருகும். அமுக்கம் மேலேறிச் சிறுநீரகத்தை அழிக்கும். ஒரு காலத்தில் இவர்களைக் கொன்ற முதன்மைக் காரணம் இதுவே.

பரிகாரம் புதிதன்று. கையைக் கழுவி, சுத்தமான மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீரை அகற்றலாமென அமெரிக்க வைத்தியர் ஜாக் லாப்பிடெஸ் 1972 இல் எடுத்துக்காட்டினார். ஆயின், உழைப்பை இழந்தவன் அக்குழாயை நாள்தோறும் எங்ஙனம் வாங்குவான்?

ஆட்சியாளரைக் கேட்கின்றோம்: கிராம வைத்தியசாலைதோறும் குழாய் இலவசமாகவும் தடையின்றியும் கிடைக்கட்டும்! பொதுக் கட்டடந்தோறும் சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடம் அமையட்டும்! வைத்தியர்களே, வழக்கறிஞர்களே, வாய் திறவுங்கள். வெட்கப்படவேண்டியவர் நோயாளர் அல்லர், வாளாவிருக்கும் நாமே!