பாடகி மாறலாம், சாட்சியம் மாறக்கூடாது

தந்தையின் இயக்கப் பெயரில் ‘அருளர்’ (2005), தாயின் பெயரில் ‘கலா’ (2007). எம்.ஐ.ஏ. எனும் மாதங்கி அருட்பிரகாசம் எமது போரை மேற்குலகப் பொப் மேடைக்கு ஏற்றிய இசைத்தொகுப்புகள் இவை. 2022 ஒக்டோபரில் வெளியான ‘மாதா’ ஒரு திருப்பம். அவ்வாண்டில் இயேசுவைத் தரிசித்ததாகக் கூறியவர், பழைய கோபத்துக்கும் புதிய விசுவாசத்துக்கும் நடுவே நின்று பாடுகிறார்.

இதைத் துரோகம் என்பது தவறு. கலைஞர் மாறுவது அவர் உரிமை.

ஆனால் ‘அருளரு’க்கும் ‘கலா’வுக்கும் இடையே, 2006 ஜனவரி 2இல், திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டனர். அந்த வெற்றிடத்தை எந்தப் பாடலும் நிரப்பாது. எமது நினைவை ஒரே குரலிடம் ஒப்படைத்தால், அது திசைமாறும் நாளில் நாமும் ஊமையாவோம். சாட்சியங்களை ஊர்தோறும் நாமே பதிவுசெய்ய வேண்டும்.