பசியைத் துப்புரவு என்று விற்கிறார்கள்

"இதைப் போட்டு விட்டுடுங்க தம்பி. மணல் எப்பவும் பளிச்சுன்னு இருக்கும். தனியா சாப்பாடுகூடப் போட வேணாம்."

நான்கு வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கடல்மீன் கடையில் இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டுவிட்டு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் எடுத்து நீட்டினேன். அதில் இரண்டாவது வாக்கியம் சத்தியமான உண்மை. மூன்றாவது வாக்கியம்தான் அந்த மீனைக் கொன்றது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்க பதினோரு வாரம் ஆனது.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், போன வாரம் ஒரு நண்பர் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. மணல் மேல் பழுப்பாக ஏதோ படிகிறதாம், கடையில் ஒரு மீன் வாங்கிப் போடச் சொன்னார்களாம். "தனியா சாப்பாடு போட வேணாமாம்ப்பா." வேறு ஊர், வேறு கடை, அதே வாக்கியம். அட்சரம் பிசகவில்லை.

உளுவை தெரியுமல்லவா? ஆற்றிலும் ஏரியிலும் தரையோடு தரையாகக் கிடக்கும் மீன். அதன் கடல் உறவுக்காரர்களில் ஒரு கூட்டத்துக்கு வாலென்சியென்னியா என்று பேர். குவியேயோடு சேர்ந்து மீன்களின் பெரும் தொகுதியை எழுதிய பிரெஞ்சு விலங்கியலாளர் வாலென்சியன் நினைவாக 1856இல் பிளீக்கர் வைத்த பேர். கடையில் இந்தப் பேரெல்லாம் எடுபடாது. டைமண்ட் கோபி, ஸ்லீப்பர் கோபி, அல்லது சும்மா 'சேண்ட் சிஃப்டர்'. நான் வாங்கியது டைமண்ட். வெளிர் உடம்பில் ஆரஞ்சுப் பொட்டுகள், கண் மட்டும் எப்போதும் ஏதோ ஆச்சரியப்பட்ட மாதிரி. செங்கடலிலிருந்து தெற்கு ஜப்பான் வரைக்கும் இருக்கிற மீன். 15 செ.மீ.க்கு மேல் வளரும்.

அது செய்கிற வேலையை முதல்முறை பார்க்கிறவன் மயங்காமல் இருக்க முடியாது. தலையைக் குப்புற மணலில் குத்தும். வாய் நிறைய அள்ளும். கொஞ்சம் மேலே வந்து மெல்லும். அப்புறம் செவுள் வழியாக மணல் மட்டும் இரண்டு பக்கமும் பொலபொலவென்று உதிரும். செவுளுக்குள் சீப்புப்பல் மாதிரி ஒரு முள்வரிசை இருக்கிறது, அதுதான் சல்லடை. ஒரு நிமிடத்தில் ஏழு முறை எண்ணினேன். மறுநாள் காலையில் என் மூன்றடித் தொட்டியில் மணல், கோலமாவு கொட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். 'என் வீட்டு வேலைக்காரன்' என்று தலைப்பு வேறு. அந்தத் தலைப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

என் அம்மாவுக்கு மீன்தொட்டி மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சில்லருக்கு ஆகிற கரண்ட் பில்லைப் பார்த்து, "உப்புத்தண்ணிக்கு ஏசி போட்டவன் இந்தத் தெருவுலயே நீ ஒருத்தன்தான்" என்று சொல்லிக்காட்டுவார். ஆனால் சாயங்காலத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ கேட்டார்: "இது ஏன்டா ஓயாம சலிச்சுக்கிட்டே இருக்கு?"

"அதான்மா அதோட வேலை. சுத்தம் பண்ணுது."

"அரிசியில கல்லு பொறுக்குறவ கல்லைத் தூக்கித் தூரப் போடுவா. இது எதையும் தூரப் போடலயே. எல்லாத்தையும் திரும்ப அங்கயேல்ல துப்புது?"

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். மீனை விற்றவரும் சொல்லாத, வாங்கிய நானும் யோசிக்காத விஷயத்தை அரிசி புடைத்த கை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டது. அந்த மீன் அழுக்கை எடுக்கவே இல்லை. மணலுக்குள் வாழ்கிற உயிர்களை எடுக்கிறது. நொய்யரிசி அளவில் இறால் மாதிரி இருக்கிற ஆம்ஃபிபாட், அதைவிடச் சின்னக் கோப்பிபாட், நூல் மாதிரிப் புழுக்கள். அதுதான் அதன் சோறு. ஒரு வாய் மணலில் ஒன்றிரண்டு தேறினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வாய். மணல் வெள்ளையாவது அந்தத் தேடலின் பக்கவிளைவு. புரட்டிப் போடும்போது மேலே இருந்த பழுப்பு கீழே போகிறது, லேசான தூசி தண்ணீரில் கிளம்புகிறது, அதில் கொஞ்சத்தை ஃபில்டர் பிடிக்கிறது. அவ்வளவுதான் 'சுத்தம்'.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. தொட்டி மணலை உண்மையிலேயே சுத்தமாக வைத்திருப்பவை அந்த ஆம்ஃபிபாடும் புழுக்களும்தான். மிச்ச உணவையும் கழிவையும் பாசிப்படலத்தையும் அரித்துத் தின்பவை அவை. நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற 'துப்புரவாளர்' நிஜத் துப்புரவாளர்களை ஒன்று விடாமல் தின்று தீர்க்கிறார். தீர்ந்ததும் பட்டினி கிடக்கிறார்.

எவ்வளவு நாளில் தீரும்? என் தொட்டியின் மணற்பரப்பு, ஒரு தினசரியை முழுதாக விரித்தால் என்ன இடம் பிடிக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு. கடலில் இந்த மீன் பல சதுர மீட்டர் மேயும். அங்கே ஒவ்வொரு அலையும் ஒவ்வொரு ஓதமும் புதிய உயிர்களைக் கொண்டுவந்து கொட்டும். என் தொட்டியில் எது கொண்டுவரும்? நான் போட்ட பெல்லட்டையெல்லாம் மேலே நின்ற இரண்டு கோமாளி மீன்கள் தண்ணீரைத் தொட்ட நொடியில் விழுங்கின. கீழே எதுவும் வந்து சேரவில்லை. சேராததை நான் கவனிக்கவும் இல்லை. அதற்குத்தான் தனியா சாப்பாடு வேண்டாமே!

பசித்த மீன் சோர்ந்து மூலையில் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படிச் செய்யாது. பசி ஏற ஏற இன்னும் வேகமாகச் சலிக்கும். நிமிடத்துக்கு ஏழு என்பது ஒன்பது, பத்து ஆனது. மணல் முன்னைவிட வெளுத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அதாவது, அது சாகச் சாக என் தொட்டி அழகாகிக்கொண்டே போனது. எட்டாவது வாரம் பக்கவாட்டில் வயிறு உள்வாங்கி, முதுகு கத்திமுனை மாதிரி தெரிந்த பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். உறைந்த மைசிஸ் வாங்கி, சிரிஞ்சில் உறிஞ்சி, அதன் வாய்க்கு நேரே மணலில் விட்டேன். சில நாள் தின்றது. உடம்பு ஏறவில்லை. ஒரு கட்டம் தாண்டிய பட்டினியை உணவால் திருப்ப முடியாது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பதினோராவது வாரம் ஒரு காலையில், தானே தோண்டிய வளையின் வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. வாயில் மணல்.

இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி எனக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வறுத்துத் தின்கிறவன் மீனுக்காக அழலாமா?" தின்கிறேன். இனியும் தின்பேன். ஆனால் எந்த வஞ்சிரத்தையும் கண்ணாடிக்குள் வைத்துப் பதினோரு வாரம் பட்டினி போட்டு, அது இரை தேடி அலைகிற அழகை விருந்தாளிக்குக் காட்டி நான் பெருமைப்பட்டதில்லை. கொல்வதும் கொடுமைப்படுத்துவதும் வேறுவேறு என்று ஆடு அறுக்கிறவருக்கும் தெரியும், தூண்டில் போடுகிற சிறுவனுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பது நம்மைப் போல் பொழுதுபோக்குக்காரர்கள்தான்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. "பல பேர் வருஷக்கணக்கா வளர்க்கிறாங்களே? உனக்குத் தெரியல, அதான் செத்துச்சு." சரி, ஒத்துக்கொள்கிறேன். வளர்க்கலாம்தான். எப்படி? முன்னூறு நானூறு லிட்டர் வேண்டும். குறைந்தது ஒரு வருடம் ஓடிப் பழுத்த தொட்டியாக இருக்க வேண்டும். வாய்க்கும் செவுளுக்கும் காயம் தராத நைஸ் மணல் வேண்டும். பாறைகளை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடி மேல் உட்கார்த்த வேண்டும், இல்லாவிட்டால் அது தோண்டித் தோண்டிப் பாறை சரிந்து தலையில் விழும். இடைவெளி இல்லாத மூடி வேண்டும். இந்த வகையில் எத்தனையோ மீன்கள் ராத்திரி துள்ளித் தரையில் காய்ந்தே போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, தினம் இரண்டு மூன்று வேளை அதன் மட்டத்தில், அதன் வாய்க்கு, சத்தான உணவு வேண்டும்.

செய்யுங்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். தினம் மூன்று வேளை உணவு கொட்டினால் கழிவு கூடும். கழிவு கூடினால் நைட்ரேட் கூடும். மணல் முன்பைவிட அழுக்காகும், நீங்கள் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒழுங்காக வளர்க்கப்படும் உளுவை உங்கள் வேலையைக் குறைக்காது, கூட்டும். மணலைச் சுத்தம் செய்ய என்று வாங்குகிறவர் அதைச் சாகடித்தால்தான் அவர் நினைத்த லாபம் கிடைக்கும். இந்த இடத்தில் சமரசத்துக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒன்று, அது உங்கள் விருந்தாளி. அல்லது, அது உங்கள் விளக்குமாறு.

விளக்குமாறு என்றதும் நினைவு வருகிறது. இந்தப் பொழுதுபோக்கில் 'கிளீனப் க்ரூ' என்று ஒரு சொல் உண்டு. நத்தை, நண்டு, இறால், உளுவை எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் அதை யாரும் யோசிக்காமல் 'துப்புரவுப் பணியாளர்கள்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். மனிதரையும் மீனையும் ஒன்றாக்க வரவில்லை. ஆனால் தன் அழுக்கை இன்னொரு உயிர் எடுக்கட்டும், அது என்ன தின்கிறது என்று கேட்க மாட்டேன் என்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. அதனால்தான் அந்தக் கடைக்காரரின் மூன்றாவது வாக்கியம் நம் காதில் விசித்திரமாக விழுவதில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை என்பதும் தெரியும். எங்கிருந்து வந்த மீன் என்று அவரைக் கேட்டேன். "ஃபிளைட்ல வருது தம்பி" என்றார். கோமாளி மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சி நிலையங்களில் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். இந்த உளுவை கடைக்கு வருவது கடலிலிருந்து பிடித்துத்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாக மதிப்பிட்டார்கள். 1,471 இனங்கள். கடல்குதிரையும் பவளமும் 2001 முதல் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கை வைத்தால் சிறை. உளுவைக்கு அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. அது அழிந்துகொண்டிருக்கிற இனமும் இல்லை. அதனாலேயே அதன் பசி யாருடைய கவலையும் இல்லை.

மீன் பிடிக்கிற முக்குளிப்போர் பிழைப்பு என்னாவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்கிறவர், ஒரு மீன் மூன்று மாதத்தில் செத்து இன்னொன்று விற்றால்தான் அவர்கள் பிழைப்பார்கள் என்று சொல்கிறார். அப்படியானால் சாவுதான் சரக்கு. அதை வெளிப்படையாகப் போர்டு எழுதி வைக்கட்டும்.

நான் செத்துப்போன அந்த மீனைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் அது போன பிறகுதான். இதே பேரினத்தின் பல உளுவைகள் ஜோடி ஜோடியாக வாழ்பவை. மஞ்சள்தலை உளுவை எப்போதும் ஒரே துணையோடு, சில அடி தூரத்துக்குள்ளேயே, சேர்ந்து மேயும். இரண்டுக்கும் ஒரே வளை. நீளத்துடுப்பு கொண்ட இன்னொரு இனத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆண் வளைக்குள் முட்டையைக் காக்கும்போது வளைக்கு மேலே பவளத் துண்டும் மணலும் சேர்த்து ஒரு மேடு கட்டப்படுகிறது. அந்த மேட்டைத் தாண்டி ஓடுகிற நீரோட்டம் வளைக்குள் புதுத்தண்ணீரை இழுத்துவிடுகிறது. முட்டைக்கு மூச்சு. என் மீனும் தொட்டியின் இடது மூலையில் கல்லையும் சிப்பியையும் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கலைத்து மணலைச் சமப்படுத்தினேன். பார்க்க நீட்டாக இருக்க வேண்டுமே.

நண்பரின் பிரச்சினைக்கு வருகிறேன். புதுத் தொட்டியில் முதல் சில மாதங்கள் படிகிற பழுப்பு பெரும்பாலும் டையாட்டம். தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவைத் தின்று வளர்கிற நுண்பாசி. புது வீட்டில் பெயின்ட் வாடை மாதிரி, சில வாரத்தில் பெரும்பாலும் தானே போய்விடும். ஒழுங்கான ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். அவசரம் தாங்கவில்லை என்றால் ஒரு குச்சியால் கிளறலாம், ஒரு குழாயால் உறிஞ்சலாம். வாரத்துக்குப் பத்து நிமிடம். எந்த உளுவையும் டையாட்டத்தைத் தின்று உயிர் வாழ்வதில்லை.

என் தொட்டி மணல் இப்போது வெள்ளையாக இல்லை. கண்ணாடியோரம் புழுக்கள் போட்ட கோடுகள் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் டார்ச் அடித்தால் ஆம்ஃபிபாட்கள் சிதறி ஓடும். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "கரப்பான் பூச்சி வளர்க்கிறியா இப்போ?" என்றார்.

இதையெல்லாம் நண்பரிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மீன் வியாழக்கிழமை வருகிறதாம். கடையிலேயே உங்கள் கண்முன்னால் ஒருமுறை மைசிஸ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தின்னாவிட்டால் எடுக்காதீர்கள், தின்றாலும் இந்த வருடம் எடுக்காதீர்கள் என்றேன்.

"அட்வான்ஸ் கொடுத்துட்டேனேப்பா" என்கிறார்.