ஐந்துக்கு நான்கு: எதையும் சொல்லாத ஓர் எண்

பக்கவாத நோயாளியின் குறிப்பேட்டில் ‘தசை வலிமை 4/5’ என்று எழுதுவோர் அளக்கவில்லை. தம் கருத்தை எண்ணின் உருவில் எழுதுகிறார்கள். இயன்முறை மருத்துவத் துறையினர் பலருக்கு இது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். கோலார் தங்கவயலை முன்வைத்து எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

அளவையாலேயே வாழ்ந்த ஊர் அது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது முதல், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, ஒவ்வொரு டன் பாறையிலும் எத்தனை கிராம் பொன் என்ற கணக்கு தவறியதில்லை. பாறையின் அழுத்தத்தை ஆராய 1988-இல் அங்கே ஒரு தேசிய நிறுவனமே எழுந்தது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத துகளை அளந்த அதே மண்ணில், சுரங்கத்தில் உழைத்து முதுமையில் பக்கவாதம் கண்ட ஒருவரின் கை வலிமையை மட்டும் ‘ஏறக்குறைய’ என்று சொல்லி முடிப்பது எந்த அறிவியல்?

அளவீடு தொழிலாளிக்கு என்ன செய்யும் என்பதற்கும் அவ்வூரே சான்று. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் இருப்பது தெரியவந்தது. அதுவரை தனித்தனி மனிதரின் இருமலாகவும் இளைப்பாகவும் இருந்தது, எண்ணான பிறகே தொழில்நோயாக மறுக்கவியலாதபடி நிலைபெற்றது.

பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான தர அளவை, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943-இல் வெளியிட்ட போர்க்காலக் குறிப்பேட்டின் வழியாகப் பரவியது. புற நரம்புக் காயங்களுக்காக வகுக்கப்பட்ட அவ்வளவையே மூளைப் பாதிப்பால் வரும் தளர்ச்சிக்கும் பொருத்தப்படுகிறது. மூன்றாம் தரம் வரை அதற்குப் புவியீர்ப்பு என்னும் உறுதியான அளவுகோல் உண்டு. நான்காம் தரத்திலோ சோதிப்பவரின் கைதான் அளவுகோல். கை மாறினால் தரமும் மாறும். முழங்கையை மடக்கும் தசைகளின் வலிமை வீச்சில் 96 விழுக்காடு நான்காம் தரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நோயாளியின் மடக்கும் விசை 60 நியூட்டனிலிருந்து 110 நியூட்டனாக உயர்ந்தாலும் குறிப்பேடு நான்கு என்றே சொல்லும்; மீண்டும் 60-க்கு இறங்கினாலும் நான்கு என்றே சொல்லும். முன்னேற்றமும் சரிவும் ஒருங்கே மறையும் இடத்தில் சிகிச்சையை நீட்டுவதா நிறுத்துவதா என்ற முடிவு எதன் மேல் நிற்கும்?

இதன் விலை ஏட்டளவில் நிற்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 விழுக்காட்டை முக்கிய வரம்பாக வைக்கிறது. 2018 ஜனவரியில் அரசிதழில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறையோ, கையால் சோதித்த தரத்தை அப்படியே விழுக்காடாக மாற்றச் சொன்னது: மூன்றாம் தரத்துக்கு 40 விழுக்காடு வலிமையிழப்பு, நான்காம் தரத்துக்கு 20. இறுதிக் கணக்கில் வேறு கூறுகளும் சேரும் என்பது மெய். ஆயினும் மேற்கண்ட வீச்சோடு இதைப் பொருத்திப் பார்த்தால், பத்தில் ஒரு பங்கு வலிமையே எஞ்சிய கையும் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் இழந்த கையாகப் பதிவாகலாம். சுரங்கமும் இல்லாமல், கையும் இல்லாமல், சான்றிதழும் இல்லாமல் நிற்பவரிடம் ‘அனுபவம் வாய்ந்த கை தவறாது’ என்று எவர் சொல்லத் துணிவார்?

கையடக்க டைனமோமீட்டருக்கு எதிரான வாதங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முதல் 72 மணி நேரத்தில் தோளை விலக்கவும் விரலை நீட்டவும் முடிகிறதா என்ற எளிய சோதனை, கை மீளும் வாய்ப்பை நன்றாகவே முன்னுணர்த்துகிறது. அங்கே கருவி தேவைப்படாது. வலிமை வேறு, செயல்திறன் வேறு என்பதும் சரியே. தசை இறுக்கம் அளவைக் குழப்பும் என்பதும் சரியே. ஆனால் இவை கருவியைக் கவனமாகக் கையாள்வதற்கான காரணங்கள். கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. தசை இறுக்கம் கையால் சோதிப்பதையும் அதே அளவு குழப்புகிறது என்பதை இவ்வாதம் வசதியாக மறந்துவிடுகிறது.

கருவியை வாங்கி வைத்தால் போதும் என்ற மயக்கமும் கூடாது. மூட்டின் கோணம், கருவியை வைக்கும் இடத்துக்கும் மூட்டுக்கும் உள்ள தொலைவு, முயற்சிகளின் எண்ணிக்கை ஆகியவை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். முழங்காலை நீட்டும் விசை சோதிப்பவரின் பலத்தை விஞ்சக்கூடும். அப்போது கருவியைப் பட்டையால் பிணைக்க வேண்டும். நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும் என்பதும் பிழை. பக்கவாதத்தில் அந்தப் பக்கமும் ஓரளவு தளர்கிறது. நுரையீரல் நோயால் உடல் முழுவதும் நலிந்த பழைய தொழிலாளியிடம் இவ்வொப்பீடு மேலும் பொய்க்கும். கட்டளையின் மொழியும் சோதனையின் பகுதியே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழும் ஊரில், நோயாளிக்குப் புரியாத மொழியில் ‘முழு பலத்தோடு தள்ளுங்கள்’ என்றால், அளக்கப்படுவது தசையன்று.

நிம்ஹான்ஸும் கர்நாடக அரசும் 2022-இல் தொடங்கிய மூளை நலத் திட்டம் கோலார் மாவட்டத்தையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது. நரம்பியல் சிகிச்சை மாவட்டம் வரை வரலாம் என்றால், உள்ளங்கையில் அடங்கும் விசைமானி ராபர்ட்சன்பேட்டை வரை வருவதற்கு என்ன தடை? ஆய்வேட்டுக்காக நூறு நோயாளிகளை அளந்த கருவி, பட்டம் கிடைத்ததும் பல்கலைக்கழக அலமாரிக்குத் திரும்புமானால், அந்த ஆய்வு நோயாளியிடமிருந்து எடுத்தது மட்டுமே; கொடுத்தது ஒன்றுமில்லை. நம்பகத்தன்மையை நிறுவும் ஆய்வுகள் போதிய அளவில் வந்துவிட்டன. இனி வர வேண்டியது, புறநோயாளர் குறிப்பேட்டில் தேதியோடும் கோணத்தோடும் நியூட்டனில் எழுதப்பட்ட ஓர் எண். அடுத்த முறை அதே நோயாளி வரும்போது, அவர் மீள்கிறாரா தளர்கிறாரா என்பதை அந்த எண் சொல்லும். நான்கு ஒருபோதும் சொல்லாது.