செத்தவரைக் கூட்டிக்கொண்டு வா!

படத்தில் செத்துப்போன நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டாவிட்டால் கொலைக் கேஸ்! எந்த டைரக்டருக்கும் வரக்கூடாத இந்தச் சோதனை, இத்தாலியில் ருகேரோ தியோதாத்தோவுக்கு அவருடைய 1980 படத்தால் வந்தது.

படம் 'கானிபல் ஹாலோகாஸ்ட்'. அமேசான் காட்டுக்குப் படமெடுக்கப் போன நாலு பேர் திரும்பவில்லை. அவர்கள் விட்டுப்போன பிலிம் சுருள் மட்டும் கிடைக்கிறது என்பது கதை. காமிராவை ஆட்டி ஆட்டி நியூஸ் ரீல் மாதிரியே எடுத்துத் தொலைத்துவிட்டார் மனுஷர். மிலானில் ரிலீஸாகிக் கொஞ்ச நாளிலேயே பெட்டி பறிமுதல். ஆபாசம் என்று ஆரம்பித்த கேஸ், 'நிஜமாகவே ஆளைக் கொன்றிருக்கிறார்கள்' என்ற வதந்தியில் கொலைக் கேஸ் வரை போய்விட்டது.

இந்த வதந்திக்கு ஒரு பெயர் உண்டு: ஸ்நஃப் படம். நம்மூரில் ஸ்நஃப் என்றால் மூக்குப்பொடி. மெழுகுவர்த்தியை அணைப்பதற்கும் இங்கிலீஷில் அதே வார்த்தைதான். இங்கே அணைவது உயிர். விற்பதற்காகவே ஒருவரைக் கொன்று எடுத்த படம் என்று அர்த்தம். அப்படி ரகசியமாக விற்கிறார்கள் என்ற பேச்சு எழுபதுகளில் அமெரிக்காவில் கிளம்பியது. 'நான் பார்த்ததில்லை ஸார், பார்த்தவனைத் தெரியும்' என்கிற ரகம். கொலைகாரர்கள் தங்கள் அக்கிரமத்தைத் தாங்களே பதிவு செய்து வைத்திருந்தது உண்டு. ஆனால் கடைச் சரக்காக எடுத்த கொலைப்படம் ஒன்றுகூட அன்றைக்குத் தேடிய போலீஸுக்குச் சிக்கவில்லை.

சிக்காவிட்டால் என்ன, நாமே தயாரித்துவிடலாம் என்று முடிவு செய்தார் ஆலன் ஷாக்கிள்டன் என்ற அமெரிக்க விநியோகஸ்தர். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் இந்த ஆசாமியை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை. அர்ஜென்டினாவில் எடுத்து, விலை போகாமல் கிடந்த 'ஸ்லாட்டர்' என்ற படம் அவர் கையில் இருந்தது. கணக்குப் புஸ்தகத்தில் இதை டெட் ஸ்டாக் என்போம். மனுஷர் அதை அப்படியே நிஜமாக்கிவிட்டார்! நியூயார்க்கில் புதுசாக ஒரு கடைசி சீன் எடுத்து ஒட்டினார். டைரக்டர் 'கட்' சொன்ன பிறகு யூனிட் ஆட்களே ஒரு பெண்ணைக் கொல்கிற மாதிரி. அதோடு படம் சட்டென்று நின்றுவிடும். நடித்தவர் பெயர் எதுவும் ஓடாது. பெயரே 'ஸ்நஃப்'. தென் அமெரிக்காவில் உயிர் மலிவு என்று விளம்பரம் வேறு.

1976-ல் ரிலீஸ். கொட்டகை வாசலில் எதிர்ப்புக் கோஷம் போட அவரே கூலிக்கு ஆள் வைத்ததாகச் சொல்வார்கள். அப்புறம் பெண்கள் இயக்கத்தினர் நிஜமாகவே கோபப்பட்டு வந்து நின்றார்கள். கூலி மிச்சம். கடைசியில் நியூயார்க் மாவட்ட அரசு வக்கீல் மார்கெந்தாவ் விசாரித்து, 'செத்த' நடிகையைத் தேடிப்பிடித்து, அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று அறிவித்தார்.

தியோதாத்தோவின் தலைவலி இதைவிடப் பெரிசு. படம் நிஜம்போல் இருக்கவேண்டும் என்பதற்காக, நடிகர்கள் ஒரு வருஷம் எதிலும் தலைகாட்டக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார். இப்போது ஜெயில் வாசலில் நின்றுகொண்டு அதே நடிகர்களைத் தேட வேண்டியதாயிற்று. தேடிக் கொண்டுவந்து காட்டினார். கழுமரத்தில் ஏற்றப்பட்ட பெண்ணுக்கும் விளக்கம் சொன்னார்: இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு சைக்கிள் ஸீட், அதில் அந்தப் பெண் உட்கார்ந்தாள், அண்ணாந்த வாயில் லேசான பால்ஸா மரத்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். கொலைக் குற்றச்சாட்டு போயே போச்சு.

அந்தப் படத்தில் கொலையே நடக்கவில்லையா என்றால், நடந்தது. ஒரு பெரிய ஆமையை இழுத்துவந்து தலையை வெட்டி ஓட்டைப் பிளக்கிறார்கள். அது நிஜ ஆமை. பன்றி நிஜம், பாம்பு நிஜம். குரங்குச் சீனை இரண்டு தடவை எடுத்ததால் இரண்டு குரங்கு. மனுஷப் பிணம் எங்கே என்று துருவிய கேள்விகளுக்கு இந்த நாலு கால் பிணங்கள் ரொம்ப நேரம் பின்னால்தான் நின்றன. அப்புறம் மிருகவதை என்ற காரணத்தில் படம் முடங்கி, 1984-ல்தான் இத்தாலியில் விடுதலை. பிராணிகளைக் கொன்றது தப்பு என்று டைரக்டரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்தில் அப்போது வீடியோ காலம். 'நாஸ்டி' என்று பெயர் சூட்டி, அரசு வழக்கறிஞர் அலுவலகம் 72 படங்களை ஜாபிதாவில் ஏற்றியது. தியோதாத்தோ படமும் அதில் உண்டு. ரெய்டுக்குப் போன போலீஸ், சாமுவேல் ஃபுல்லரின் 'தி பிக் ரெட் ஒன்' என்ற யுத்தப் படத்தையும் பெயரைப் பார்த்து அள்ளிக்கொண்டு போனார்களாம்!

அதே இங்கிலாந்தின் சென்ஸார் போர்டு 2011-ல் 'கானிபல் ஹாலோகாஸ்ட்'டை மறுபடி உட்கார்ந்து பார்த்தது. கழுமரம், கற்பழிப்பு, குடல் எல்லாம் நடிப்பு, பெரியவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வெட்டியது சுமார் 15 விநாடி. கீரிப்பிள்ளை சைஸில் கோயாட்டி என்று ஒரு பிராணி, கத்திக்குத்தில் கதறிக் கதறிச் சாகிற இடம். மிருகத்தை வதைத்து எடுத்ததைக் காட்டக்கூடாது என்று அங்கே 1937-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி, சட்டென்று கொன்றால் வதை இல்லையாம். அதனால் ஆமைக் காட்சிக்குக் கத்திரி விழவில்லை.