கடலோடிய முன்னோரும் நமது கடமையும்

கல்லூரியொன்று தன் விழாவைக் கொண்டாடுங் காலத்தில், அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும், அதனை வளர்த்த அதிபர் ஆசிரியர் தொண்டினையும் எழுதி மகிழ்தல் மரபு. அம்மரபு வாழ்க. ஆயினும் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்களிடமும் இன்று கற்கும் இளைஞர்களிடமும் யாம் ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். கல்லூரியின் முதல் அதிபர் யார் என்று கேட்டால் உடனே விடை கூறும் நாம், நம் பாட்டனாரின் தந்தையார் பெயர் யாது, அவர் எவ்வூரிலிருந்து எவ்வழியாக இம்மலைக்கு வந்தார் என்று கேட்டால் என்ன விடை கூறுவோம்? வகுப்பறையில் யாம் இவ்வினாவைப் பலமுறை கேட்டுள்ளோம். நாற்பது மாணவரில் நால்வர் கை உயர்ந்தால் அது பெரிது.

அவர்களைக் குறை கூற எமக்குத் தகுதியில்லை. எமது குடும்பத்தின் கதையையே யாம் முப்பது வயதுக்குப் பின்னர்தான் ஒழுங்காக விசாரிக்கத் தொடங்கினோம். அக்கதையை முதலிற் கூறி, பின்னர் எமது கருத்தைச் சொல்லுவோம்.

பெரகலச் சந்தியிலிருந்து தெற்கே நோக்கினால், மலை சட்டென்று சரிந்து சமவெளியாகி, வானம் தெளிந்த நாட்களில் நெடுந்தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அதுதான் கடல் என்று சிறுவயதில் எமக்குக் காட்டியவர் எம் அப்பாயி. “உங்க பூட்டன் அதுக்குப் பொறந்த ஆளு” என்பார். தோட்டத்து லயத்தில் எம் வீட்டுக்குக் ‘கப்பக்காரர் வீடு’ என்றே பெயர் வழங்கியது. எம் பெரியப்பா போன்றோர் அப்பெயரை மேலும் உயர்த்தி, பூட்டனார் ஒரு கப்பலுக்குத் தலைவராய் இருந்தவர் என்று கலியாண வீடுகளில் பெருமையாகக் கூறுவர். யாமும் அதனை நம்பினோம். பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிப் பாராட்டும் பெற்றோம்.

எம் தந்தையார் காலமான பின், வீட்டிலிருந்த பழைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அதனுள் இரண்டு காகிதங்கள் எமக்கு வேண்டியனவாக இருந்தன. ஒன்று, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் எம் பாட்டனார் அனுப்பிய விண்ணப்பத்தின் படி. அதிலே தந்தையின் பிறப்பிடம் திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவைகுண்டம் தாலுகா என்றும், தந்தையின் தொழில் தோட்டத் தொழில் என்றும் கண்டிருந்தது. கப்பலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மற்றொன்று, மங்கிப்போன ஒரு தபாலட்டை. பூட்டனாரின் ஊரிலிருந்து ஒரு பெண் யாரையோ கொண்டு எழுதுவித்தது. “தோணியில் உம்முடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்; பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான்; எப்போது வருவீர்?” என்பது அதன் சாரம்.

அப்பாயியின் வாய்மொழியையும் இவ்விரு காகிதங்களையும் சேர்த்து வைத்தபோது பூட்டனார் எமக்குத் தெளிவாகத் தெரிந்தார். அவர் கப்பற்றலைவர் அல்லர். தூத்துக்குடித் துறையில் தோணி ஓட்டிய கூலியாள். அக்காலத் தூத்துக்குடித் துறை ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கொழும்புக்குச் செல்லும் ஆட்களையும் சரக்குகளையும் தோணிகளில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கங்காணிமார் திரட்டி வந்த தொழிலாளரை நாள்தோறும் தோணியேற்றி விட்ட அம்மனிதர், ஒருநாள் தாமும் அவர்களோடு கப்பலேறிவிட்டார். என்ன துன்பமோ, என்ன கடனோ, காகிதம் கூறவில்லை. கொழும்பிலிறங்கி, புகைவண்டியில் அப்புத்தளை வந்து, அங்கிருந்து நடந்து பெரகலக்கு இறங்கினார் என்பது அப்பாயியின் வாக்கு. அப்புத்தளைக்கு 1893இல் இருப்புப்பாதை வந்துவிட்டமையால் அவ்வாக்கு பொருந்துகின்றது. இங்கே மறுமணம் செய்து எம் குடியைத் தோற்றுவித்தார். அங்கே நடக்கத் தொடங்கிய பிள்ளை என்னவாயிற்று?

இதனை எழுதப்போகின்றோம் என்று கூறியபோது பெரியப்பா சினந்தார். “செத்தவரை ஏன் சந்திக்கு இழுக்கிறாய்? கலியாணத்துக்குப் பிள்ளைகள் இருக்கிற வீடு” என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. அந்தத் தபாலட்டையை எரித்துவிடும்படியும் சொன்னார். யாம் எரிக்கவில்லை. பல மாதம் எண்ணிப் பார்த்தோம். பூட்டனாரைக் கப்பற்றலைவராக்கிய பொய் எம் வீட்டிற் பெருமையாக உலவலாம், ஓர் ஏழைப் பெண் காத்திருந்த மெய் மட்டும் அடுப்பிற் போக வேண்டும் என்றால், அது என்ன வரலாறு? மானங் காக்கும் முயற்சியில் முதலில் அழிவது பெண்களின் பெயர்களே. அந்த அம்மையின் பெயர் தபாலட்டையில் இருக்கின்றது. அதனை இங்கு அச்சிடோம். அவர் வழியினர் யாரேனும் இருந்தால் அது அவர்கள் உரிமை. ஆயின் எம் குடும்ப ஏட்டில் அதனை முதற் பக்கத்திலேயே எழுதி வைத்துள்ளோம். பெரியப்பா இன்றும் எம்மோடு முழுமனத்தோடு பேசுவதில்லை.

கடலோடிகளின் வாழ்வைத் தேடுவோருக்குப் பிற இடங்களிற் கிடைக்கும் வசதிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். 1937இல் வல்வையை விட்டு நீங்கிய அது, ஏடன், சுயெஸ், ஜிப்ரால்ட்டர், பெர்மியூடா வழியாகச் சென்று 1938 ஓகஸ்ட் மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. அதனைச் செலுத்தியவர் தண்டையல் தம்பிப்பிள்ளை. அவரும் அவர்தம் வல்வைத் தோழரும் இன்றும் பெயர் சொல்லி நினைக்கப்படுகின்றனர். ஏன்? கப்பலுக்குப் பெயர் இருந்தது. துறைகளிற் பதிவு இருந்தது. ஊரில் நினைவு இருந்தது. இவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. அதுபோலவே ஆங்கிலேயர் கப்பல்களில் வேலை செய்த மாலுமிகளின் பெயர், வயது, பிறந்த இடம், முன்பு வேலை செய்த கப்பல் ஆகியவை ஒப்பந்தப் பட்டியல்களில் எழுதப்பட்டன. அப்பட்டியல்களின் பெரும்பகுதி இன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றது. அவற்றிலுங்கூட இந்திய மாலுமிகளைப் பற்றிய குறிப்புகள் பல இடங்களிற் குறைபட்டுள்ளன.

தோணிக்காரருக்கு ஒப்பந்தப் பட்டியலுமில்லை. கப்பலில் ஏற்றப்பட்ட தோட்டத் தொழிலாளருக்கோ பட்டியல் இருந்தது. ஆனால் அது ஆளைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையொன்றைக் கழுத்திற் கட்டி மக்களை அனுப்பினர். தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஏற்பட்டபின் அவ்வழியே பெருவழியாயிற்று. கடல் கடந்து வந்தவர் பல்லாயிரவராயினும், அவரவர் வீட்டில் எஞ்சியது ஓர் ஊர்ப்பெயரும் ஒரு கங்காணி பெயருமே. அவ்விரண்டும் இப்போது மறந்து வருகின்றன.

இவற்றைத் தேடுவதால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்பர். வயிற்றோடு தொடர்புடையதே இக்காரியம் என்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோரியோர், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் 1946ஆம் ஆண்டுக்கு முன்னர் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. காகிதம் வைத்திருந்தவர் தப்பினர், இல்லாதவர் திகைத்தனர். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரம் வழியாக எத்துணையோ குடும்பங்கள் கப்பலேறின. பூட்டன் வந்த கடலைப் பேரன் திரும்பக் கடந்தான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்குத் தீர்வு கிட்டியது. தன் தந்தை எங்கே பிறந்தார் என்னும் ஒரு வரி விடைக்காக ஒரு குடும்பம் நாட்டையே இழக்க நேர்ந்த வரலாறு நம்முடையது. ஆதலின் குடிவழி எழுதுதல் பொழுதுபோக்கன்று.

மற்றுமொரு காரணமும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், பெரகலக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் போயின. அவற்றோடு தகரப் பெட்டிகளும், அவற்றினுள்ளிருந்த பிறப்புச் சான்றுகளும் படங்களும் மண்ணுள்ளே போயின. உயிரைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. காகிதத்திற்காயின் ஒரு படி வேறிடத்தில் இருந்திருந்தால் எஞ்சியோர் துயரில் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் இன்றும் நம் மாணவர் வீடுகள் நிற்கின்றன.

ஆகவே இவ்விழாவை முன்னிட்டு யாம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு மாணவனும் மாணவியும், ஒவ்வொரு பழைய மாணவரும், தத்தம் குடும்பத்திற்கு ஓர் ஏடு தொடங்குக. அதன் ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்குத் தருக. மூன்று விதிகளை மட்டும் கைக்கொள்ளுக. முதலாவது, காகிதம் சொல்வதையும் வாய்மொழி சொல்வதையும் கலவாது தனித்தனியே எழுதுக. வாய்மொழியாயின் யார், எந்த ஆண்டிற் சொன்னார் என்பதையும் குறிக்க. இரண்டாவது, தாய்வழியையும் எழுதுக. பாட்டிமாரிடம் முதலிற் கேட்க, ஏனெனில் பதிவேடுகள் மறந்த பெயர்களை அவர்களே அறிவர். மூன்றாவது, பெருமைக்காக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டா, சிறுமைக்கு அஞ்சி ஒன்றை அழிக்கவும் வேண்டா. வெளியிடத் தகாதது எதுவோ அதனை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். எரித்தல் மட்டும் ஆகாது.

தோட்டத்தில் நம் முன்னோரின் கணக்கைத் துரைமார் செக்ரோலில் எழுதினர். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்திற்கு மாறின. அக்கைமாற்றங்களிடையே அவ்வேடுகளைத் தேடுவோர் நம்மிற் குறைவு. நம் கையால் நாம் எழுதும் ஏடு அவற்றுள் எதற்கும் தாழ்ந்ததன்று. எம்மிடம் கற்கும் மாணவி ஒருத்தி சென்ற தவணையிலே தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்த ஏட்டில், ஆறு தலைமுறைத் தாய்மாரின் பெயர்கள் இருந்தன. எமது ஏட்டில் நான்கே உள்ளன. அவளிடம் யாம் கற்றுக்கொண்டோம் என்பதை இங்கு நன்றியோடு குறிக்கின்றோம்.

இவ்வாண்டு விடுமுறையில் தூத்துக்குடி சென்று, பூட்டனாரின் ஊரை நேரிற் காண எண்ணியுள்ளோம். நடக்கத் தொடங்கிய அப்பிள்ளையின் வழியினர் எவரேனும் அங்கிருந்தால், தபாலட்டையை அவர்களிடம் காட்டி, நூறாண்டு தாமதித்த பதிலை எம் வாயாற் கூறுவோம். இல்லையாயின், கடற்கரையில் சற்று நேரம் நின்று திரும்புவோம். எப்படியாயினும் ஏட்டில் ஒரு பக்கம் கூடும். அன்பர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை நீங்கள் இன்றே திறவுங்கள்.

— தமிழாசிரியர் ஒருவர், பெரகல