உப்பு கூடிப் போச்சா? கோபப்படாதீங்க!

"ஏம்மிணி, ரசத்துல இத்தனை உப்பா?"

"எனக்கு உப்பே தெரியலீங்க மாமா..."

2021 மே மாதக் கடைசி. தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியிருந்த நேரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்த பேச்சு இது. மருமகளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அதனால் 'கவனமில்லாம சமைக்குது' என்று விட்டுவிட்டார்கள். நான்கு நாள் கழித்து மாமனாருக்கு மூச்சுத் திணறல். ஆக்ஸிஜன் வைத்து, நல்லவேளையாகப் பிழைத்து வந்தார்.

ருசி போவதெல்லாம் ஒரு நோயா என்று கேட்காதீர்கள். 2020 ஜூன் 13-ம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம் ருசி, வாசனை இழப்பை கொரோனா அறிகுறிகளில் சேர்த்துவிட்டது. நம் சமையலறைக்குத்தான் அது வந்து சேரவில்லை!

ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. மூக்கைப் பிடித்துக்கொண்டு காபி குடித்துப் பாருங்கள், புரியும். மூக்கின் உச்சியில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணை செல்களை இந்தக் கிருமி தாக்குகிறது. சிலருக்கு நாக்கின் சுவையும் போய்விடுகிறது. சாதாரண ஜலதோஷத்திலும் ருசி மங்கும். ஆனால் பெரும்பாலும் மூக்கு அடைத்திருக்கும். மூக்கு அடைக்காமலே பெருங்காயமும் காபித்தூளும் மணக்கவில்லையா? சந்தேகப்படுங்கள். முகக்கவசம் போட்டு, பெரியவர்களிடமிருந்து சற்று ஒதுங்கி, டாக்டரைப் பாருங்கள். ஒமைக்ரானுக்குப் பிறகு இந்த அறிகுறி குறைந்துவிட்டது உண்மைதான். அதனால், ருசி தெரிகிறது என்பதற்காக கொரோனா இல்லை என்றும் முடிவு கட்டக் கூடாது.

பலருக்குச் சில வாரங்களில் ருசி திரும்பிவிடும். அதுவரை கேஸ் கசிந்தாலும் தெரியாது, குழம்பு ஊசிப்போனாலும் தெரியாது. வீட்டில் இன்னொருவர் மோந்து பார்த்துச் சொல்லட்டும். ருசியில்லை என்று உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டுக்கொள்வது பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து.

வாரக்கணக்கில் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டுங்கள். கண்ட மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் ஹம்மல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட மோப்பப் பயிற்சி எளிமையானது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளையும் காலை, மாலை ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் முகர வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். பக்கத்திலேயே ஊட்டி இருக்கிறது, நீலகிரித் தைலத்துக்கா பஞ்சம்? முகர்ந்தால் போதும், மூக்குக்குள் விட்டுவிடாதீர்கள்.

சமைப்பவர் தினமும் நம்மிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்கிறார். "உனக்கு ருசி தெரியுதா கண்ணு?" என்று நாம் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? அடுத்த முறை உப்பு கூடினால் தட்டைத் தள்ளாதீர்கள். முதலில் அதைக் கேளுங்கள்.